நனவுக்குள் கனவு

கனவு நிகழும்போதே ‘இது கனவு’ என்று காண்பவர் அறிந்திருக்கும் நிலையைத் தெளிகனவு என்று வழங்கலாம். டச்சு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஏடன் 1913இல் வெளியிட்ட ஆய்வுரைக்குப் பின்னரே இதற்கெனத் தனிப்பெயர் ஐரோப்பிய மொழிகளில் நிலைபெற்றது என்றாலும், அனுபவம் மிகப் பழையது. உறங்குபவருக்குள் ஏதோ ஒன்று ‘தோன்றுவது கனவே’ என்று அவ்வப்போது சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் தம் கனவு பற்றிய நூலில் குறித்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகஸ்டின் எழுதிய கடிதமொன்றில் ஜென்னாடியஸ் என்னும் மருத்துவரின் கனவு வருகிறது. மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டா என்று ஐயுற்றிருந்த அம்மருத்துவரின் கனவில் ஓர் இளைஞன் தோன்றி, ‘இப்போது காண்பதை உறக்கத்தில் காண்கிறாயா, விழிப்பில் காண்கிறாயா’ என்று வினவுகிறான். உறக்கத்தில்தான் என்று மருத்துவர் ஒப்புக்கொண்டதும், ‘உன் உடல் எங்கே, கண்கள் மூடியிருக்க எதைக் கொண்டு காண்கிறாய்’ என்று தொடர்ந்து கேட்டு, உடற்கண் அவிந்த பின்னும் காட்சி உண்டு என்ற முடிவுக்கு அவரை இட்டுச் செல்கிறான். இங்கே தெளிவைத் தந்த கேள்வி காண்பவர் பயின்று வைத்திருந்த கேள்வியன்று. கனவுக்குள்ளிருந்தே, இன்னொருவர் வாயிலிருந்து, கேளாமல் வந்த கேள்வி. அதைப் பழக்கத்தால் வரவழைக்க முடியுமா என்பதுதான் பிற்காலத்தவர் எடுத்துக்கொண்ட பணி.

தெளிகனவு என ஒன்று உண்டா என்பதில் இன்று வழக்கில்லை. உறக்கத்தில் கண்விழிகள் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று உண்டு. கனவுகள் பெரும்பாலும் அப்போதே நிகழ்கின்றன. உடல் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடந்தாலும் விழிகள் மட்டும் கனவுக்கு இசைய அசையக்கூடியவை. இதைப் பயன்படுத்தி, 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய சோதனையில், ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள் தெளிவு பெற்றதும் முன்கூட்டியே பேசிவைத்தபடி கண்களை இடம் வலமாக அசைத்துக் காட்டினார். அந்த அசைவு கருவியில் பதிவாயிற்று. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜ் தனியாக இதே முடிவை எட்டினார். ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீடு, வாழ்வில் ஒருமுறையேனும் தெளிகனவு கண்டோர் ஏறத்தாழ 55 விழுக்காடு என்றும், மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்போர் 23 விழுக்காடு என்றும் கணித்தது. எனவே எஞ்சியிருப்பது உண்மை பற்றிய வினாவன்று, பயிற்சி பற்றிய வினா. பயிற்சி பகலில் செய்யப்படுவதால், அது நனவு என்பது என்ன என்ற சமய வினாவாகவும் ஆகிவிடுகிறது.

பகற்பயிற்சியின் நவீன வடிவத்தை ஒழுங்காக வகுத்தவர் ஜெர்மானிய உளவியலாளர் பவுல் தோலி. பகலில் பலமுறை, ‘இப்போது நான் கனவு காண்கிறேனா, இல்லையா’ என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறையின் சாரம். பகலில் வேரூன்றிய பழக்கம் கனவுக்குள்ளும் தலைகாட்டும், அங்கே அதே கேள்வி எழும்போது உண்மை வெளிப்பட்டுவிடும் என்பது எதிர்பார்ப்பு. பின்வந்தோர் கேள்வியோடு சில சோதனைகளையும் சேர்த்தனர். சுவரிலுள்ள எழுத்தை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படித்தல் அவற்றுள் ஒன்று. நனவில் எழுத்து மாறாது, கனவிலோ பெயர்ப்பலகை இரண்டாம் முறை வேறொன்றாகி நிற்கும். மூக்கை இரு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்த்தல் இன்னொன்று. கனவில் பிடிக்கப்படுவது கனவு மூக்கே ஆதலால், படுக்கையிலுள்ள உடலின் மூச்சு தடையின்றி ஓட, அடைத்த மூக்கின் வழியே காற்று வரும் விந்தையைக் காண்பவர் உணர்கிறார். இவை எளியவை, கருவியோ செலவோ வேண்டாதவை, ஆகவே பரவலாகக் கைக்கொள்ளப்படுபவை.

ஆனால் இம்முறையின் உள்ளேயே ஒரு கோணல் இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்துமுறை மூக்கைப் பிடித்துப் பார்ப்பவருக்குப் பத்துமுறையும் கிடைக்கும் விடை ‘நனவுதான்’ என்பதே. மாதக்கணக்கில் ஒரே விடையைப் பெற்றுவந்த மனம், கேள்வியைக் காட்டிலும் விடையையே பழகிக்கொள்கிறது. கனவில் அந்தப் பழக்கம் மெய்யாகவே தலைகாட்டினாலும், கேள்வியோடு விடையும் ஒட்டிக்கொண்டே வருகிறது: கையில் ஏழு விரல்கள் இருப்பதைக் கண்டவர், தமக்கு என்றும் ஏழுதான் என்று அமைதியாக முடிவு செய்துவிட்டு நடக்கிறார். பொய்விழிப்பு எனப்படும் நிகழ்ச்சி இதைவிடக் கூர்மையானது. கனவிலிருந்து எழுந்துவிட்டதாகக் கனவு கண்டு, பல் துலக்கி, அடுப்பில் பால் வைத்து, முந்தைய கனவை வீட்டாரிடம் விவரித்துக்கொண்டிருக்கும்போது உண்மையிலேயே விழிப்பு வரும் அனுபவம் பலருக்கு உண்டு. அந்த நிலையில் பெரும்பாலோர் சோதித்துப் பார்ப்பதில்லை. விழித்துவிட்டோம் என்பதில் அவர்களுக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆகவே தெளிவுக்குத் தடையாக நிற்பது கேள்வியை மறத்தலன்று, விடையில் உள்ள உறுதி.

ஆய்வுகளும் ஓரளவு இதன் பக்கமே சாய்கின்றன. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், பகற்சோதனையை மட்டும் மேற்கொண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. அதனோடு, ஐந்து மணி நேரம் உறங்கிய பின் எழுந்து, ‘அடுத்த கனவில் இது கனவு என்பதை நினைவுகூர்வேன்’ என்று சங்கற்பம் செய்துகொண்டு மீண்டும் உறங்கும் முறையையும் இணைத்தவர்களே ஏறத்தாழ 17 விழுக்காடு இரவுகளில் தெளிகனவு கண்டனர். லாபெர்ஜ் வகுத்த இந்தச் சங்கற்ப முறை, விடியலை நெருங்கும் உறக்கத்தில் கனவுக் கட்டங்கள் நீள்வதையும், பின்னர்ச் செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைவுகூரும் மனித ஆற்றலையும் துணைக்கொள்கிறது. உறக்கத்தை இடையில் முறிக்கும் எந்த முறையையும் இரவு தோறும் கைக்கொள்வது உடலுக்கு நல்லதன்று என்பதையும், நனவுக்கும் கற்பனைக்கும் இடையிலான எல்லை ஏற்கெனவே தளர்ந்து துன்புறுவோர் இப்பயிற்சிகளை நாடலாகாது என்பதையும் இங்கே சொல்லிவைப்பது தகும்.

திபெத்திய பௌத்தம் இதே பகற்பயிற்சியை நேர்தலைகீழாகச் செய்கிறது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களுள் ஒன்று கனவு யோகம். அது மார்ப்பா, மிலரேபா வழியாகத் திபெத்தில் வேரூன்றி, பின்னர் சோங்கபா (1357–1419) போன்றோரின் விளக்கங்களால் விரிவடைந்தது. அங்கே பகலில் கேள்வி கேட்கப்படுவதில்லை. ‘இது கனவு, காண்பதெல்லாம் கனவு’ என்ற விடையே நேராக மனத்தில் ஊன்றப்படுகிறது. உண்ணும்போதும் நடக்கும்போதும் பிறர் ஏசும்போதும் அதே நினைவு. இதற்கு உறுதுணையாக மாயவுடல் யோகத்தில் ஒரு பயிற்சி சொல்லப்படுகிறது: சாதகர் கண்ணாடியின் முன் அமர்ந்து அதில் தெரியும் தம் உருவைப் புகழ்கிறார், பின்பு இகழ்கிறார், புகழுக்கு மகிழ்வதும் இகழுக்குச் சுருங்குவதும் அந்த நிழலுருவிடத்து எவ்வளவு பொருளற்றனவோ, அவ்வளவே தம்மிடத்தும் என்ற உணர்வு இயல்பாகும் வரை இது தொடர்கிறது. இரவில் தொண்டையில் செந்நிற எழுத்தொன்றைத் தியானித்தபடி உறங்கும் சாதகர், கனவைக் கனவென அறிந்தபின் நெருப்பில் நடக்கவும், உருவங்களைப் பெருக்கவும் மாற்றவும் பழகுகிறார். இவையெல்லாம் கேளிக்கைக்காக அல்ல. மரணத்துக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட பார்தோ எனும் நிலையில் எழும் தோற்றங்களைத் தோற்றமென்றே அறிவதற்கான ஒத்திகை இது என்பது அம்மரபின் கருத்து.

இம்முறை தோலியின் முறையிலுள்ள கோணலைத் தீர்க்கிறது. விடை முன்னரே ‘கனவு’ என்று இருப்பதால், அது கனவுக்குள் வரும்போது சரியாகவே அமைகிறது. ஆனால் அதற்கு ஈடாக அது பெரிய விலையைக் கேட்கிறது. நனவு கனவே என்பது உண்மையா, அல்லது பயனுள்ள பொய்யா? பொய்யென்று அறிந்த ஒன்றை நாள்முழுதும் சொல்லிக்கொள்வது தியானமாகாது, நடிப்பாகும். திபெத்தியருக்கு இச்சங்கடம் இல்லை, ஏனெனில் எல்லாப் பொருளும் தன்னியல்பற்ற சூன்யம் என்ற கொள்கை அவர்களிடம் பயிற்சிக்கு முன்னரே நிற்கிறது. கொள்கையைக் கழற்றிவிட்டுப் பயிற்சியை மட்டும் இரவல் வாங்குவோருக்கே சங்கடம்.

இந்திய வேதாந்தத்துக்குள் இச்சிக்கல் வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டது. மாண்டூக்கிய உபநிடதத்துக்குக் காரிகை செய்த கௌடபாதர், கனவுப் பொருள்கள் பொய் என்பதற்குக் கூறும் ஏதுக்களை நனவுப் பொருள்களுக்கும் நீட்டி, இரண்டும் ஒரே தரத்தவை என்று நிறுவ முயன்றார். அவர் மரபில் வந்த ஆதிசங்கரரோ, பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்கான உரையில் விஞ்ஞானவாத பௌத்தரை மறுக்குமிடத்தில், நனவைக் கனவுக்கு ஒப்பிடலாகாது என்று வாதிடுகிறார்: கனவில் கண்டது விழித்தவுடன் ‘இல்லாதது’ என்று மறுக்கப்படுகிறது, நனவில் கண்ட தூண் அவ்வாறு எந்நிலையிலும் மறுக்கப்படுவதில்லை. பிரம்ம ஞானத்தால் நனவும் ஒருநாள் கடக்கப்படும் என்பதைச் சங்கரர் கைவிடவில்லை. ஆயினும் அந்த ஞானம் வரும்வரை இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை என்பதில் அவர் கறாராக இருக்கிறார். கௌடபாதரை மேற்கோள் காட்டித் தெளிகனவுப் பயிற்சிக்கு வேதாந்த முத்திரை குத்துவோர் இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

உலகைப் பொய்யென்று கொள்ளாமலே நனவின் உறுதியைத் தளர்த்த ஒரு வழி உண்டா என்று தேடினால், தமிழில் வளர்ந்த சைவ சித்தாந்தம் குறிப்பிடத்தக்க ஒரு விடையைத் தருகிறது. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகம் உள்பொருள். ‘எல்லாம் கனவு’ என்று சொல்ல அங்கே இடமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரமும் அதன் வழி வந்த நூல்களும், உயிர் எய்தும் ஐந்து அவத்தைகளை, அதாவது அறிவின் ஐந்து நிலைகளை, விரிக்கின்றன: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். இவையே வடமொழியில் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். நனவில் உயிர் புருவ நடுவில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு தொழிற்படுகிறது. கண், காது முதலிய ஞானேந்திரியங்கள் ஐந்தையும் கை, கால் முதலிய கன்மேந்திரியங்கள் ஐந்தையும் அங்கேயே விட்டுவிட்டு இருபத்தைந்து கருவிகளோடு கண்டத்துக்கு, அதாவது தொண்டைக்கு, இறங்குவது கனவு. இதயத்தில் நிகழும் உறக்கத்தில் எஞ்சுபவை மூன்றே, கொப்பூழில் இரண்டு, மூலாதாரத்தில் ஒன்று. உலா முடிந்து திரும்பும் அரசன் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பகுதிப் பரிவாரத்தை நிறுத்திவிட்டு அந்தப்புரத்துக்குள் தனியே நுழைவதை இதற்கு உவமையாகச் சித்தாந்த நூல்கள் காட்டும். திபெத்தியர் இரவுத் தியானத்தை இருத்தும் தொண்டையும், பிரம்மோபநிடதம் கனவுக்கு இடமாகச் சொல்லும் தொண்டையும், சித்தாந்தத்தின் கண்டமும் ஒன்றாக இருப்பது தற்செயலன்று. இந்திய யோக மரபுகளின் பொதுச் சொத்து அது.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது, கனவுக்குள் இறங்கும் இருபத்தைந்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் அடங்கியிருப்பது. நிச்சயிக்கும் கருவியான புத்தி கனவில் இல்லாமற் போவதில்லை. கண்ணும் காதும் வாயிலில் நின்றுவிட்டதால் அதற்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. மனம் கொணர்ந்ததையே மெய்யென்று நிச்சயித்து முத்திரையிடுகிறது. கனவின்போது மூளையின் முன்புறத்தில் ஆராய்ந்து முடிவெடுக்கும் பகுதியின் செயல் குறைந்திருப்பதாக இன்றைய நரம்பியல் கூறுவதை இதனோடு உடனே முடிச்சுப் போடுவது அவசரமாகும்; இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்குரிய விடைகள். எனினும் புத்தி இருந்தும் ஏமாறுகிறது என்ற சித்தாந்த நோக்கு, ஏழு விரல்களை ஏற்றுக்கொண்டு நடப்பவரின் நிலையை விளக்குவதில் தேர்ந்ததாகவே படுகிறது.

இதைவிட முக்கியமானது, அவத்தைகளைச் சித்தாந்திகள் இன்னொரு முறையாகவும் வகுத்திருப்பது. உயிர் கீழே இறங்காமல் புருவ நடுவில் நின்றபடியே, விழித்த கண்ணோடு, ஐந்து நிலைகளையும் எய்துகிறது என்று அவர்கள் கூறினர்; நனவில் நனவு, நனவில் கனவு, நனவில் உறக்கம் எனத் தொடரும் இது மத்தியாலவத்தை எனப்படும். தெருவில் எதிரே வருபவரைக் கண்டும் யாரென்று தோன்றாமல் நின்று, பின் எங்கோ பார்த்ததுபோல் மங்கலாகத் தோன்றி, பிறகு பெயரும் ஊரும் நினைவுக்கு வந்து வணக்கம் சொல்லும் அந்தச் சில நொடிகளில் உயிர் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு ஏறிவந்திருக்கிறது. கருவிகள் ஒவ்வொன்றாகக் கூடக்கூட அறிவு விளங்குகிறது. கண் திறந்திருப்பது விழிப்புக்குச் சான்றாகாது என்பது இதன் உட்கிடை. பேருந்தில் அமர்ந்து நேற்றைய சண்டையை மனத்துக்குள் மறுபடி நடத்திக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிச் செல்பவர் நனவில் கனவில் இருக்கிறார். அவர் அவ்வேளையில் மூக்கைப் பிடித்துச் சோதித்தால் ‘நனவு’ என்ற விடை வரும். சித்தாந்தியின் பார்வையில் அது பாதி உண்மையே.

இங்கிருந்து பகற்பழக்கம் வேறு வடிவம் கொள்கிறது. உலகம் கனவா என்று கேட்பதற்குப் பதிலாக, இக்கணம் நனவின் எந்த நிலையில் கழிகிறது என்று பார்ப்பது அது. இக்கேள்விக்கு ஒரே விடை திரும்பத் திரும்ப வருவதில்லை. சில வேளை ‘நனவில் நனவு’ என்றும், பல வேளை ‘நனவில் கனவு’ என்றும் வரும். ஆகவே கேள்வி மரத்துப்போவதில்லை, விடையும் முன்முடிவாக இறுகுவதில்லை. கடிகார ஒலியைக் கேட்டு இயந்திரம்போல் கேட்பதைவிட, சினமோ ஆசையோ அச்சமோ மேலிட்டு மனம் இழுத்துச் செல்லப்படும் தறுவாயில் கேட்பது பொருத்தம், ஏனெனில் கனவுகளின் ஓட்டத்தை நடத்துபவையும் அவையே. இது ஒரு வாரத்தில் கைகூடும் வித்தையாகத் தெரியவில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நெடுங்காலம் தியானம் பழகியவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகத் தெளிகனவு காண்பதையும், புதிதாக எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி பெற்றவர்களிடம் அத்தகைய ஏற்றம் தோன்றாததையும் ஒருங்கே பதிவு செய்தது. நெடுநாள் தியானிகளிடம் காணப்படும் மிகுதிக்குத் தியானம்தான் காரணமா, அல்லது அத்தகைய மனம் படைத்தோரே தியானத்தில் நிலைக்கின்றனரா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு முடிவு கட்ட இயலாது.

தெளிவு கிட்டிய பின் என்ன செய்வது என்பது தனி வினா. நவீன நூல்கள் பெரும்பாலும் ஆளுகையையே பேசுகின்றன: பறக்கலாம், விரும்பியவரைச் சந்திக்கலாம், கனவைத் திருப்பலாம். இதற்கு நேரெதிர் நிற்பது இராமானுசரின் கருத்து. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்துக்கு உரை செய்யுமிடத்தில், கனவுப் பொருள்கள் வெறும் மாயத்தோற்றம் என்பதை அவர் ஏற்பதில்லை. அந்தந்த உயிரின் சிறு நல்வினை தீவினைகளுக்குத் தக்கவாறு, அந்த உயிர் மட்டும், அந்த நேரம் மட்டும் நுகரும்படி பரமபுருடனே படைத்தளிப்பவை அவை என்கிறார். கனவு உயிரின் படைப்பாயின், தனக்குத் தீயதை எந்த உயிரும் படைத்துக்கொள்ளாது என்பது அவ்வாதத்தின் ஒரு முனை. தெளிகனவில் ஒருவர் கனவின் போக்கை மாற்றிக் காட்டுகிறாரே என்று இங்கே தடை எழுப்பலாம். ஆனால் நனவிலும்தான் மனிதர் ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைக்கிறார், அதனால் உலகைப் படைத்தவர் ஆகிவிடுவதில்லை. தெளிகனவு கண்டோரின் விவரிப்புகளும் இதற்கு இடந்தருகின்றன: கதவைத் திறக்க அவர்களால் இயல்கிறது, கதவுக்கு அப்பால் நிற்பது என்ன என்பதை அவர்கள் முன்கூட்டி அறிவதில்லை. இக்கண்ணோட்டத்தில், கொடுங்கனவு ஒன்றைக் கனவென அறிந்து அஞ்சாமல் நுகர்ந்து கழிப்பதற்கும், அதை மிட்டாய்க் கடையாக மாற்றிவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. கொடுங்கனவால் இரவு தோறும் நடுங்கும் நோயாளிக்கு மாற்றும் உரிமையை மறுப்பது கொடுமை என்பதையும் மறத்தலாகாது.

கடைசியாக ஒரு மிகைக்கூற்றை மறுக்க வேண்டியிருக்கிறது. தெளிகனவே துரியம் என்று எழுதுவோர் உளர். மாண்டூக்கியத்தின் கணக்கில் அது இன்னமும் இரண்டாம் பாதமான தைசசன், உள்முகமாகப் பொருளை நுகரும் நிலை. சித்தாந்தக் கணக்கில் உயிர் இன்னமும் கண்டத்திலேயே, இருபத்தைந்து கருவிகளின் நடுவிலேயே நிற்கிறது. ‘நான் அறிகிறேன், இது அறியப்படுகிறது’ என்ற பிளவு அங்கே நீங்கவில்லை. அகங்காரம் கனவில் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். கனவற்ற உறக்கத்தில் அறிவு உண்டா என்பதே அதற்கடுத்த வினா. ‘சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறிந்திலேன்’ என்று எழுந்தவுடன் சொல்லும் சொல்லை நினைவாகக் கொண்டு, அனுபவமில்லாமல் நினைவில்லை ஆதலால் உறக்கத்திலும் சாட்சி இருந்தது என்று அத்வைதிகள் வாதிட்டனர். அது நினைவன்று, விழித்த பின் செய்யும் அனுமானமே என்று நையாயிகர் மறுத்தனர். பகலில் பழகிய கேள்வி இவ்விடம்வரை துணைவருவதில்லை, ஏனெனில் கேட்பதற்கு வேண்டிய மனமும் புத்தியும் சித்தாந்தக் கணக்கின்படி தொண்டையிலேயே நின்றுவிட்டன. திபெத்தியர் கனவு யோகத்தை முடித்த சாதகருக்கு உறக்கத்தின் ஒளி பற்றிய யோகத்தைத் தனியாகவும், வேறு ஆசிரிய உபதேசத்தோடும் வைத்திருப்பதற்கு இதுவே காரணமாகலாம்.